பல்லை உடைக்கக் கேட்டவள்

நிரோஷன் தன் மனைவியை வெட்டியது பட்டப்பகலில், கொழுந்து மலையில், அத்தனை பேர் கண் முன்னால்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. காலையில் கிடந்த பனி விலகி வெயில் ஏறியிருந்தது. முதல் நிறுவைக்குப் போகப் பெண்கள் கொழுந்துப் பைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீனம்மா தன் மகள் நிலக்ஷிக்கு இரண்டு நிரை தள்ளி நின்றாள். மருமகன் கீழ் ரோட்டிலிருந்து ஏறி வருவதை அவள்தான் முதலில் கண்டாள். அவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் கழிக்கிற அந்தக் கத்தி தோட்டத்தில் எந்த ஆணின் கையிலும் இருக்கக்கூடியது. அதனால் அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

நிலக்ஷி அவனை விட்டுத் தாய் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தாய் வீடு என்பது, அறை அறையாக ஒட்டிக் கட்டிய அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி. குடித்துவிட்டு வந்து அவளை அவன் அடிப்பது லயம் முழுக்கத் தெரிந்த கதை. தடுக்கப் போகிற தன் அப்பா மாயாண்டியையும் அடிப்பான். ஒருநாள் பெற்ற குழந்தையையே தூக்கிச் சுவரில் மோதப் போனான். இரண்டு வயதுப் பெண் குழந்தை. அன்றைக்கே நிலக்ஷி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

"வீட்டுக்கு வர்றியா, இல்லையா?" என்று நிரோஷன் கேட்டான்.

"வரமாட்டேன். எத்தன தடவ கேட்டாலும் இதான்."

முதல் வெட்டு நிலக்ஷியின் கன்னத்தைப் பிளந்தது. இரண்டாவது வெட்டுக்கு அவள் வலது கையை உயர்த்தினாள். மூன்று விரல்கள் தேயிலைச் செடியின் மேல் விழுந்தன. மூன்றாவது வெட்டு விழுவதற்குள் மீனம்மா செடிகளை முறித்துக்கொண்டு பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டுப்படும் வரை கடித்தாள். அவன் முழங்காலால் அவள் வயிற்றில் மோதினான். அப்போதும் விடவில்லை. கத்தி நழுவி வடிகால் கானுக்குள் விழுந்தபின்தான் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

மீனம்மா வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மகளின் விரல்களைப் பொறுக்கி முடிந்துகொண்டாள். லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த முடிச்சைக் கையிலேயே பிடித்திருந்தாள். டாக்டர் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இனி ஒட்ட வைக்க முடியாதும்மா" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் மீனம்மாவுக்கு வேதாகமம் அறிமுகமானது.

நிலக்ஷியின் பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு வயதான அம்மா படுத்திருந்தார். பெயர் பூரணம். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் டீச்சராக வந்து, தலவாக்கலையிலேயே தங்கிவிட்டவர். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலையணைக்கடியிலிருந்து ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டு வாசிப்பார். மீனம்மா முதலில் காதில் வாங்கவே இல்லை. மகளின் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் வாசிப்புக்கு நடுவில் ஒரு வரி அவளை நிமிர்த்தியது. யாரோ ஒருவன் கடவுளிடம், தன் எதிரிகளின் பற்களை அவர்கள் வாயிலேயே உடைத்துப்போடச் சொல்லிக் கேட்டான். நத்தை கரைவதுபோல் அவர்கள் கரைந்து போகவேண்டும் என்றும் கேட்டான்.

"டீச்சர், யாரு இப்பிடிக் கேக்குறது?"

"ஒரு ராசா. எதிரிகள் துரத்தேக்குள்ள கடவுளிட்டப் பாட்டாக் கேக்கிறார்."

"சாமிகிட்ட இப்பிடியெல்லாம் கேக்கலாங்களா?"

"கேட்டு எழுதி வச்சிருக்கிறாரே" என்றார் பூரணம்.

மீனம்மாவுக்கு அது புதிதாக இருந்தது. அட்டை மேல் உப்பைப் போட்டால் எப்படிக் கரையும் என்று அவளுக்குத் தெரியும். நிரோஷன் அப்படிக் கரைவதை அவள் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதைச் சாமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லயத்து மாரியம்மன் முன்னால் நின்றபோதுகூட, "எம்புள்ளயக் காப்பாத்து தாயே" என்றுதான் அவள் வாய் சொன்னது. மனதில் இருந்தது வேறு. அந்த வேறொன்றை இந்த ராசா ஒளிக்காமல் சொல்லியிருந்தான்.

"அதத் திரும்பப் படிங்க டீச்சர்."

ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது பூரணம் அந்தப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் வேறு ஒன்று இருக்கிறதாம். "வாசிக்கத் தெரியுந்தானே?" என்று கேட்டார்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் போனேங்க. எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

"அது காணும், போதும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில, ஒரே இடத்தில இருந்து வாசியுங்கோ. அலுப்பா இருந்தாலும் நாலு வரியாவது வாசிச்சுப்போட்டு எழும்புங்கோ. ஒரு நாள் விட்டால் மற்ற நாளும் விடத் தோன்றும். இன்னொண்டு, விருப்பமானதை மட்டும் பொறுக்கி வாசிக்காதேங்கோ."

கடைசியாகச் சொன்னதை மீனம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு பக்கத்தின் மூலையை அங்கேயே மடித்து வைத்துக்கொண்டாள்.

பொலிசு பிடித்து வைத்திருந்த நிரோஷனுக்குச் சில மாதங்களில் பிணை கிடைத்தது. அவன் நேராகத் தன் காம்பராவுக்கே வந்துவிட்டான். வந்த அன்று பாட்டுப் போட்டான், சத்தமாக. லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. நிலக்ஷி கதவை மூடிவிட்டு மூலையில் குழந்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் ஜீவராஜ் சமாதானம் பேச வந்தார்.

"அக்கா, அவனும் நம்ம பயதான். குடிவெறியில செஞ்சிட்டான். கோர்ட்டு கேஸுன்னு அலையாம, பேசி முடிச்சுக்கலாம். நாலு பேரு முன்னால மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

"அந்த நாலு பேரும் மலையில நின்னு பாத்தவங்கதானே தம்பி?" என்று மீனம்மா கேட்டாள். "அவங்க விரலு எல்லாம் பத்திரமா இருக்குங்களா?"

முன்னால் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் ஜீவராஜ் எழுந்து போனார்.

அன்று மாலை மீனம்மா மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது கதவு, நிரோஷனின் கதவு, நேராகத் தெரியும். மடித்த மூலையைத் திறந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

அது வாசிப்பே இல்லை. எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு சொல்லைப் பிடித்து, அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் முதல் சொல் மறந்து, திரும்ப வந்து பிடித்தாள். அந்தத் தமிழும் அவள் பேசுகிற தமிழ் இல்லை. நாலு வரிக்குள் நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் பல்லை உடைக்கிற வரி வந்தபோது தடுமாறவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அது மனப்பாடம் ஆகியிருந்தது. அதை மூன்றாவது கதவைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த நாளும் வாசித்தாள். அதற்கடுத்த நாள் மழை. ஈரச் சாக்குப்போல உடம்பு கனத்தது. கால்களில் அட்டை கடித்த இடமெல்லாம் இரத்தம் நிற்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். அப்போது நிரோஷன் யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது. மீனம்மா எழுந்து புத்தகத்தை எடுத்தாள். இப்படித்தான் அந்தப் பழக்கம் பிடித்தது. சோர்வு வந்த ஒவ்வொரு மாலையும் அவனுடைய சத்தம் அவளை எழுப்பி உட்கார்த்தியது. வெறுப்பு தவறாமல் நேரத்துக்கு வந்தது. அதனால் வாசிப்பும் தவறவில்லை.

லயத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் தங்கள் இஸ்தோப்புகளுக்கு வந்து நின்றார்கள். "அக்கா, இன்னங் கொஞ்சம் சத்தமா" என்று ஒருத்தி தைரியம் கொடுத்தாள். தோட்டத்து ஜெபக் கூட்டத்தை நடத்துகிற ஒரு சகோதரர் கேள்விப்பட்டு மகிழ்ச்சியோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து, வேதம் தன்னை எப்படித் தொட்டது என்று சாட்சி சொல்லமுடியுமா என்று கேட்டார்.

"நான் அவன் சாவணும்னுதாங்க படிக்கிறேன். அதச் சொல்லவா?" என்றாள் மீனம்மா. அவர் திரும்பிப் போனார்.

நிரோஷன் முதலில் கூரை மேல் கல்லெறிந்தான். பிறகு வெறும் போத்தலை எறிந்தான்; அது அவள் காலடியில் உடைந்தது. ஒரு மாலை அவளுடைய முட்டைக் கோழியைப் பிடித்து வந்தான். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கழுத்தைத் திருகிப் பிய்த்தான். துடிக்கத் துடிக்க அவள் மடியில் எறிந்துவிட்டு, "இதையும் ஒன் புத்தகத்துல எழுதிக்க" என்றான். புத்தகத்தின் மேல் இரத்தம் தெறித்தது. மீனம்மா சேலையால் துடைத்துவிட்டு அந்தப் பகுதியை முடித்தாள். முடித்தபின் கோழியை எடுத்துப்போய் இறகு பிடுங்கிக் கறி வைத்தாள்.

ராசாவின் அந்தப் பாட்டு சலித்துப்போனதும் அதே மாதிரி வேறு இருக்கிறதா என்று தேடினாள். இருந்தன. அவற்றில் ஒன்று மிகக் கடுமையானது. முன்கூட்டிப் பார்க்காமலேயே அதை உரக்க வாசித்துக்கொண்டு போனாள். எதிரியின் ஆயுசு குறையவேண்டும் என்று அது கேட்டது. அவளும் அழுத்திக் கேட்டாள். பிறகு அவனுடைய பிள்ளைகள் தகப்பனில்லாமல் தெருத்தெருவாகப் பிச்சை எடுக்கவேண்டும், அவனுடைய மனைவி தாலியறுக்கவேண்டும் என்று போனது. அவர்களுக்கு இரங்க ஒருவரும் இருக்கக்கூடாது என்றும் கேட்டது. அவள் அதையும் அழுத்தித்தான் வாசித்தாள்.

உள்ளேயிருந்து நிலக்ஷியின் குரல் வந்தது. "அம்மா. அந்தப் பொஞ்சாதி நாந்தாம்மா."

மீனம்மாவின் விரல் வரியிலேயே நின்றுவிட்டது. குழந்தை அவள் மடியில்தான் படுத்திருந்தது. முந்தானை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. யார் பிச்சை எடுக்கவேண்டும் என்று இப்போது கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. புத்தகத்தை மூடினாள்.

"வேற ஏதாச்சும் படிம்மா" என்றாள் நிலக்ஷி. "கத எதுவும் இல்லையா அதுல?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மகள் தானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து மீனம்மா கதை இருக்கிற பக்கங்களாகத் தேடி வாசித்தாள். அங்கேயும் வெட்டும் குத்தும்தான். ஊர்களை எரித்தார்கள், அண்ணன் தம்பியைக் கொன்றான். ஒரு கதையில், தோற்று ஓடிவந்த சேனாதிபதி ஒருவன் ஒரு பெண்ணின் கூடாரத்தில் ஒளிந்துகொள்கிறான். அவள் அவனுக்குப் பால் கொடுத்து, போர்வையால் மூடித் தூங்கவைக்கிறாள். தூங்கியதும் கூடார முளையை அவன் நெற்றிப் பொட்டில் வைத்து, சுத்தியலால் தரைவரை அறைந்துவிடுகிறாள்.

நிலக்ஷி அந்தக் கதையைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அடுத்த நாளும் அதையே கேட்டாள்.

"அவளுக்குப் பயமா இருந்திருக்காதாம்மா?"

"அதெல்லாம் போடல."

"அவன் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தான்" என்று நிலக்ஷி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து மசாலா அரைக்கப்போன மீனம்மா, அம்மியில் குழவி இல்லாததைப் பார்த்தாள். காம்பரா முழுக்கத் தேடினாள். அது நிலக்ஷியின் தலையணைக்கடியில் இருந்தது. ஒன்றும் கேட்காமல் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். மறுநாள் மறுபடியும் தலையணைக்கடியில் இருந்தது. இந்தத் தடவை அவள் அதை எடுக்கவில்லை.

அந்த வாரத்தில் மாயாண்டி அவளைத் தேடி வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"மீனம்மா, நீ படிக்கிறதுல என்னையும் சேத்துத்தான் கேக்குறியா?"

"ஒங்கள எதுக்கண்ணே கேக்கப்போறேன்?"

"அவனப் பெத்தவன் நாந்தானே." அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ளையத் தூக்கிட்டுப்போயிக் கொழும்புல வச்சுக்கப் போறானாம். புள்ள போனா நிலக்ஷி தானா வந்து கால்ல விழுவாளாம். அதச் சொல்லத்தான் வந்தேன். கதவப் பூட்டியே வச்சிரு."

மீனம்மா பொலிசுக்குப் போய்ச் சொன்னாள். பிணையில் வந்தவன் ஏதாவது செய்தால் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவன் வந்தது ஒரு மழை மாலையில். சாரல் அடித்ததால் அன்று மீனம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். கதவை ஓர் உதையில் திறந்தான். தாழ்ப்பாள் பறந்து சுவரில் பட்டது. அவள் எழுவதற்குள் முடியைப் பிடித்து இழுத்து முகத்தைச் சுவரோடு மோதினான். மூக்கு உடைந்தது. விழுந்தவளின் விலாவில் மிதித்தான். புத்தகம் கால்களுக்கு நடுவில் எங்கோ போனது. அவளுக்கு மூச்சு வரவில்லை. குழந்தை வீறிடுவது மட்டும் கேட்டது. அவன் ஒரு கையால் குழந்தையின் சட்டையைப் பிடித்துத் தூக்கியிருந்தான்.

நிலக்ஷி மூலையிலிருந்து வந்தாள். இடது கையில் குழவி இருந்தது. அவள் கத்தவில்லை. அவன் திரும்பிய வேகத்தில் அது அவன் வாயில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். குழந்தை அவன் கையிலிருந்து பாயில் விழுந்தது. அவன் முழங்கால் மடங்கி, பின்னால் சாய்ந்து, மல்லாந்து கிடந்தான். கண்கள் மூடியிருந்தன. வாயிலிருந்து இரத்தம் காதுவரை வழிந்தது.

நிலக்ஷி அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள்.

மீனம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்ல மனமும் வரவில்லை. அதைப் பின்னாளில் அவளே யாரிடமும் மறைத்ததில்லை. மாதக்கணக்காக அவள் கேட்டது இதைத்தான். கல் இறங்கியது. ஆனால் வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. குழவி ஒருபக்கமாகச் சாய்ந்து வழுக்கி, அவன் காதுக்கு அருகில் சிமெந்துத் தரையைப் பிளந்தது. நிலக்ஷி மறுபடியும் அதைத் தூக்கப் பார்த்தாள். அதற்குள் மாயாண்டி மழையில் நனைந்தபடி ஓடிவந்து மகன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார்.

"என்னயக் கொல்லும்மா" என்றார். "இவன விட்ரு. என்னயக் கொல்லு."

நிலக்ஷி கல்லை விட்டுவிட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். லயத்தார் கதவருகில் கூடியிருந்தார்கள்.

பொலிசு வந்தது. சார்ஜன்ட் தரையைப் பார்த்துவிட்டு, "மொகத வுனே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன நடந்தது என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மலையில் வெட்டியபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இந்தத் தடவை வாய் திறந்தார்கள். ஜீவராஜ் வாக்குமூலம் கொடுக்கத் தானே முன்னால் போய் நின்றார். நிரோஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விளக்கமறியல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையைக் காப்பாற்ற அடித்தாள் என்று நிலக்ஷியைக் கோர்ட்டு விட்டுவிட்டது.

மறுநாள் மீனம்மா காம்பராவைக் கழுவினாள். உடைந்த மூக்கால் மூச்சுவிட முடியாமல் வாயைத் திறந்துகொண்டே கூட்டினாள். விளக்குமாறு எதையோ உருட்டியது. குனிந்து எடுத்தாள். பல். பாய்க்கடியில் இன்னொன்று கிடந்தது, வேரோடு. பிறகு உடைந்த துண்டுகள். உள்ளங்கையில் அவற்றை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கேட்டது கேட்டபடியே கிடைத்திருந்தது, வார்த்தை பிசகாமல். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வெளியே போய்க் கானில் வாந்தி எடுத்தாள். பற்களை எங்கே போடுவது என்று தெரியாமல் தேயிலைச் செடியடியில் குழிபறித்து மூடினாள்.

அன்றோடு வாசிப்பு நின்றது. நிற்கவேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை. விளக்கு வைப்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், தொடமாட்டாள். மூன்றாவது கதவிலிருந்து சத்தமும் வரவில்லை. வெறுக்க ஆள் இல்லாத மாலைகளில் அவளுக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை. தன் வாசிப்புத்தான் மகள் கையில் கல்லைக் கொடுத்தது என்ற எண்ணம் மட்டும் அரித்துக்கொண்டிருந்தது. மாயாண்டி கதவைப் பூட்டச் சொல்லியிருந்தார். அவள் தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டுக் கதை படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள். பூரணம் கைத்தடியோடு கதவைத் திறந்தார். மீனம்மா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். பற்களைப் பொறுக்கியதையும் சொன்னாள்.

"நான் கேட்டத அப்பிடியே குடுத்திருச்சுங்க. எனக்கு இது வேணாம். இன்னும் எதையாச்சும் கேட்டுருவேன்."

பூரணம் புத்தகத்தை வாங்கவில்லை. கோழி இரத்தம் காய்ந்திருந்த அட்டையை விரலால் தடவினார்.

"வடக்க போயிருந்த என்ர மகனைக் கடைசிச் சண்டையில பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். "உடம்பும் கிடைக்கேல்லை. ஆரெண்டும் தெரியாது. நீங்கள் பார்த்துப் படிக்க ஒரு கதவாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அந்தப் பாட்டையே வருசக்கணக்கா வாசிச்சன்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஒருநாள் அதுக்கு அடுத்ததை வாசிச்சன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"இப்ப ஞாபகமில்லை, மீனம்மா. அவ்வளவு ஒண்டும் இருக்கேல்லை எண்டு நினைக்கிறன். ஆனா அடுத்த நாள் அதுக்கும் அடுத்ததை வாசிச்சன்." அவர் அடுப்படிக்குத் திரும்பினார். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

புத்தகம் மீனம்மாவோடுதான் திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை பழகுவது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்போது கோபம் எழுப்பிவிட்டது. இப்போது தானே எழவேண்டியிருந்தது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போவது என்று முடிவு செய்தாள். பல நாள் இரண்டு வரியோடு தூங்கி விழுந்தாள். சில வாரம் பாதி நாள் விட்டுப்போனது. கடவுளுக்குப் போடுகிற கூடாரத்துக்கு எத்தனை முழத் துணி, எத்தனை வளையம் என்று பக்கம் பக்கமாக வந்தபோது, "இதெல்லாம் எதுக்கு எனக்கு?" என்று எரிச்சலோடு மூடினாள். ஆனால் விளக்கு வைத்ததும் புத்தகத்தை எடுக்காவிட்டால் கை எதையோ தேடுவதுபோல் இருந்தது. அதனால் எடுத்தாள். நிலக்ஷிக்கு இரத்தம் வருகிற கதைகளை இப்போது கேட்கப் பிடிக்கவில்லை. அவை வந்தால் மீனம்மா குரலைத் தாழ்த்தி வாசிப்பாள். தாண்டிப் போகமாட்டாள்.

ஜெபக் கூட்டத்துச் சகோதரர் மறுபடியும் வந்து ஞானஸ்நானம் பற்றிப் பேசினார். பார்க்கலாம் என்றாள். அந்த வருடத் திருவிழாவுக்கும் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். இரண்டு பக்கத்திலும் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருந்தார்கள். நிலக்ஷிக்குக் கொழுந்து எடுக்கக் கை உதவாததால் பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். இடது கையால் சோறு ஊட்டப் பழகினாள்.

மாயாண்டி மாலையில் வந்து இஸ்தோப்பின் படியில் உட்கார ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒருநாள், "அவனுக்காவ ஏதாச்சும் படியேன்" என்றார்.

"அது என்னால முடியாதுண்ணே" என்றாள் மீனம்மா. "வேணும்னா நீங்க மனசுல சொல்லிக்கங்க. நான் வரிசையா போயிக்கிட்டிருக்கேன்."

அவர் தலையாட்டினார்.

வழக்கு இழுத்துக்கொண்டு போய், ஒருநாள் நிரோஷனுக்குத் தண்டனை கிடைத்தது. பல வருடச் சிறை. மீனம்மாவும் நிலக்ஷியும் கோர்ட்டில் இருந்தார்கள். அவனைக் கூட்டிப்போகும்போது அவன் இவர்களைப் பார்த்து ஏதோ சொன்னான். முன்பற்கள் இல்லாத வாயிலிருந்து என்ன வந்தது என்று புரியவில்லை. அவன் வெளியே வருகிற நாளை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பயம்தான். மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வாள்.

அன்று வீடு திரும்பிக் கால் கழுவி விளக்கு வைத்தாள். புத்தகத்தைத் திறந்தபோது அன்றைய பகுதி முழுக்கப் பெயர்கள். யாருக்கு யார் பிறந்தான், அவனுக்கு யார் பிறந்தான் என்று பக்கம் நிறைய. வாயில் நுழையாத பெயர்கள். மீனம்மா ஒரு பெயரை மூன்று விதமாகக் கூட்டிப் பார்த்தாள்; மூன்றும் வேறு வேறாக வந்தன. படியில் உட்கார்ந்திருந்த மாயாண்டி, "அது ஆளா, ஊரா?" என்று கேட்டார். குழந்தை அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தன் வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொன்னது.

நிலக்ஷி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தாள்.

மீனம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்ட வரியில் விரலை வைத்து அடுத்த பெயரைக் கூட்டத் தொடங்கினாள். இன்னும் அரைப் பக்கம் பெயர்கள் இருந்தன.